ரெண்டே கால், மூணே கால்

எனக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். முக்கியமாக என் மனைவி சொன்னால்.

அந்தத் தச்சரை எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான். அது வேறு, இது வேறு.

நான் தையல்காரன். வீட்டுக்குக் கீழேயே கடை. நான் மெஷினில் உட்கார்ந்தால் எதிரே ஒரு முக்காலியில் அவள் உட்கார்ந்து காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள். முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் அதே இடத்தில் அப்படியே. இத்தனை வருஷத்தில் நான் தைத்த கோட்டுக்கும் சட்டைக்கும் கணக்கில்லை. ஒன்றைப் பார்த்தாவது அவள் வாயிலிருந்து ஓர் "ஆகா" வந்ததில்லை.

போன மாதம் வந்தது. தச்சருக்கு.

சமையலறை இழுப்பறை சிக்கிக்கொள்கிறது என்று அவரைக் கூப்பிட்டிருந்தோம். வந்தார். இரண்டு இழைப்பு இழைத்தார். "இப்ப இழுங்கம்மா" என்றார். அவள் ஒற்றை விரலால் இழுத்தாள். அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஆகா!"

அன்றைக்கு முழுக்க அந்த இழுப்பறையை ஒன்பது தடவை திறந்து மூடினாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதில் வேலையாகத் திறந்தது இரண்டு தடவை.

சரி, படகு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு உண்டு. பழசு. அதற்குப் பாய் நானே தைத்தேன். மூன்று மாதம் தைத்தேன். விரித்துக் காட்டினேன். அவள் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துவைச்சா சாயம் போகாதில்ல?" என்றாள்.

எங்கள் மகள் நர்ஸ். கால்வாய் வழியாகப் போனால் மூன்று நாள் தூரத்தில் ஓர் ஊரில் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவளுக்கு லீவு. படகிலேயே போய் இறங்கலாம் என்பது என் மனைவியின் ரொம்ப நாள் ஆசை. நான் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவந்தேன். காரணம், பாலங்கள். வழியில் பதினேழு பாலம். பதினேழும் குள்ளம். பாய்மரத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போனால் முதல் பாலத்திலேயே மரம் போய்விடும். அதனால் மரத்தை இறக்கி, படகின் மேல்தளத்தில் நீட்டிப் படுக்க வைத்து, முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு தாங்கி கொடுத்துக் கட்டிக்கொண்டு போகவேண்டும். எங்கள் படகு இருபதடி. மரம் இருபத்துநாலடி. இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும், வளர்ந்த பிள்ளையைத் தொட்டிலில் போட்ட மாதிரி.

ஒரு நாள் பட்டன் வைத்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, மக வீட்டுக்குப் போறப்ப தச்சர் சாரும் கூட வரட்டுமே."

எனக்கு ஊசி விரலில் ஏறியது. "எதுக்கு?"

"மரத்தை இறக்கணுமே. மரம்னா அவருக்கு அத்துப்படி."

"ஏன், எனக்கு இறக்கத் தெரியாதா? நாப்பது வருஷமா எத்தனை பேண்ட்டை இறக்கி விட்டிருக்கேன்!"

"அது துணிங்க."

"எதுவா இருந்தா என்ன? ஏத்தறது, இறக்கறது. என் தொழிலே அதுதான்."

"இல்ல, அவருக்குன்னா ஒரு கை இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன, சட்டையில கையைத் தைக்க மறந்துட்டாங்களா?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். நான் விடவில்லை.

"முதல்ல அவரைத் தச்சர் சார்னு கூப்பிடறதை விடு. அண்ணன்னு கூப்பிடு."

"என்னைவிட ரெண்டு வயசு சின்னவரை எப்படிங்க அண்ணன்னு கூப்பிடறது?"

"அப்ப தம்பின்னு கூப்பிடு."

"தலை பூரா நரைச்ச மனுஷரைத் தம்பின்னா நல்லாவா இருக்கும்?"

அங்கேயே தீர்மானித்தேன். இந்தப் படகில் இரண்டே பேர். அவள், நான். முப்பத்தொரு வருஷத்தில் முதல் முதலாக மூன்று முழு நாள், கடை இல்லை, வாடிக்கையாளர் இல்லை, அளவு சரியில்லை என்று வந்து நிற்பவர் இல்லை. அதில் தச்சர் எங்கே வந்தார்? அவள் கண்ணெதிரில் மரத்தை நானே இறக்குவேன். 'ஆகா' என்ற அந்த இரண்டெழுத்தை நானே வாங்குவேன்.

கண்ணை மூடி மனசுக்குள் வேண்டிக்கொள்ளவும் செய்தேன். 'ஆண்டவனே, தச்சருக்கு ஒரு கெடுதலும் வேண்டாம். நல்ல மனுஷர். லேசா ஒரு முதுகுவலி. நாங்க போய்ச் சேர்ற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போதும்.'

மறுநாள் தச்சர் கடைக்கு நானே போனேன். தாங்கிக்கு அளவு தெரியவேண்டுமே.

"வாங்க சார். அம்மா சௌக்கியமா?" என்றார்.

பாருங்கள். எதிரே ஆறடி ஆள் நிற்கிறேன். நான் சௌக்கியமா என்று கேட்கவில்லை.

"சும்மா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். படகு மரத்தைப் படுக்க வைக்கத் தாங்கி செய்யறாங்களே, எங்க படகுக்குன்னா அது எப்படி இருக்கணும்?"

"உங்க படகா?" அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "முன்னால ரெண்டே கால். பின்னால மூணே கால். அதுக்குக் கீழ குறையவே கூடாது. ஆமா, அம்மாவோட முக்காலி ஆடுதுன்னாங்களே. அனுப்பி வைங்க சார், சரி பண்ணித் தரேன்."

முக்காலி ஆடுகிறதா? முப்பத்தொரு வருஷமாக அந்த முக்காலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் நான். என்னிடம் சொல்லவில்லை. இவரிடம் சொல்லியிருக்கிறாள்! என் காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. திரும்பக் கேட்கலாம்தான். அவரிடமா? செத்தாலும் கேட்கமாட்டேன்.

"பயணமெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுல அவளுக்கு உடம்பு சரியில்ல. எங்கயும் போகலை" என்று ஒரு பொய்யை வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, "தச்சருக்குத் தலைக்கு மேல வேலையாம். வர முடியாதாம்" என்று இன்னொன்றை வைத்தேன்.

"அப்படியா, பாவம்" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. எனக்கு அதுவே பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

இப்போது 'ரெண்டே கால், மூணே கால்' என்பதற்கு வருகிறேன். நான் சொன்னால் அது அளவு. இடுப்பு முப்பத்துநாலே கால், தோள் பதினேழே கால் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வாய் இது. ஆனால் சொன்னது தச்சர் ஆயிற்றே? தச்சர் கால் என்றால் மேஜைக்கால், கட்டில்கால். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பாஷை உண்டு. அந்தப் பாஷையிலேயே புரிந்துகொண்டதற்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். முன்னால் இரண்டே இரண்டு கால். பின்னால் மூன்றே மூன்று கால். குறையவே கூடாதாம். பின்னே, மூன்றில் ஒன்று குறைந்தால் நிற்குமா?

முன்னாலுக்கு இரண்டு கட்டையைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே வைத்துக் கட்டினேன். பின்னாலுக்கு ஒன்றும் செய்யவேண்டிய அவசியமே வரவில்லை. மூன்று காலோடு ஒன்று வீட்டிலேயே இருந்ததே. அதை எடுத்துக்கொண்டேன். ஒரே கல்லில் வேலையும் முடிந்தது, அது தச்சர் கடைக்குப் போகிற வழியும் அடைபட்டது. அவள் நாலு நாள் நின்றுகொண்டே காஜா எடுத்தாள். முணுமுணுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை படகுத்துறைக்கு வந்தோம். பையெல்லாம் ஏற்றினோம்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் பிரார்த்தனை பண்ணிட்டு வந்துடறேங்க" என்று அவள் கீழே அறைக்குள் இறங்கினாள். எங்கள் படகில் அறைக்குப் போக ஒரே வழி, மேலே பெட்டி மூடி மாதிரி தூக்கித் திறக்கிற ஒரு பலகை. காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க அதை மூடிக்கொண்டாள்.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவள் கண் திறந்து மேலே வரும்போது மரம் அழகாகப் படுத்திருக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

கயிறுகளை அவிழ்த்தேன். ஒரே ஒரு கயிற்றைக் கரையிலிருக்கும் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். மரம் மெதுவாகச் சாய்ந்தது. பாதி வரைக்கும் மரியாதையாக வந்தது. அதற்கு மேல் அதற்குப் பொறுமை இல்லை. கயிறு கையை உருவிக்கொண்டு ஓடியது. அடிப்பக்கம் கீலைவிட்டுக் கழன்று முன்னால் வழுக்கியது. என் கத்தரிக்கோல் தாங்கி இரண்டு காலையும் இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்தது. 'தடால்!'

தூசி அடங்கியதும் பார்த்தேன். மரத்தின் முன்பக்கம் தளத்தில். பின்பக்கம் முக்காலியில். நடுப்பக்கம் அந்த மூடிப் பலகையின்மேல், கால்மேல் கால் போட்ட மாதிரி சொகுசாக.

உள்ளே பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. பக்கவாட்டு ஜன்னலில் காதை வைத்தேன். உள்ளங்கை அகல ஜன்னல்.

"ஆண்டவனே, இவர் கோபப்படாம இருக்கணும். அந்த மரம் யார் தலையிலயும் விழாம இருக்கணும். தச்சர் சார் கடை நல்லா நடக்கணும்."

எனக்கு ஒரு வரி. மரத்துக்கு ஒரு வரி. தச்சருக்கு ஒரு வரி! என் பங்கும் அவர் பங்கும் ஒரே அளவு! போதாததற்கு மரத்துக்கும் எனக்குச் சமமாக!

"ஏங்க, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. மரத்தை இறக்கிட்டேன்."

"அதுக்குள்ளயா!" பலகையில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். "ஏங்க, இது தூக்க வரலையே."

"மரம் மேல இருக்கு."

"எதுக்கு மேல?"

"உனக்கு மேல."

ஜன்னலில் ஒரு கண் தெரிந்தது.

"தச்சர் சார் என்ன சொன்னார்?"

"முன்னால ரெண்டே கால், பின்னால மூணே கால்னார். அப்படியேதான் வச்சேன். எண்ணிப் பாரு. முன்னால ரெண்டு, பின்னால மூணு."

கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

"ஏங்க, ரெண்டே கால் அடிங்க!"

"யாரை?"

"யாரையும் இல்லீங்க. உயரம்! ரெண்டே கால் அடி உயரம். பின்னால மூணே கால் அடி உயரம். அப்பத்தான் மரம் மேல நிக்கும், கீழ மூடி திறக்கும்!"

நான் தையல்காரன். நான்! எனக்கு அவள் அளவு சொல்லித் தருகிறாள்!

துறைக் காவலாளியைக் கூப்பிட்டேன். அவர் பின்பக்கம், நான் முன்பக்கம். மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். ஓர் அங்குலம் எழும்பியது. உள்ளேயிருந்து அவள் கொஞ்சம் வெளிச்சத்தைப் பார்த்திருப்பாள். மறுபடி இறங்கிவிட்டது.

"தச்சர் சாரைக் கூப்பிட்டு வாங்களேன்" என்றது ஜன்னல்.

"முடியாது."

"மணி ஆகுது. ஞாயித்துக்கிழமை போய்ச் சேரணும். மக காத்துட்டிருப்பா."

"அப்படியே போயிடலாம். உனக்கு என்ன குறை? சாப்பாடு உள்ளதான் இருக்கு. படுக்கை உள்ளதான் இருக்கு. நான் ஓட்டறேன்."

"அப்ப உங்களுக்குச் சாப்பாடு?"

"ஜன்னல் வழியா குடு."

"ரொட்டி வரும். டீ தம்ளர் படுத்தாத்தான் வரும். டீ நிக்குமா பாத்துக்கங்க."

படகின் பின்னால் இருக்கும் சின்ன மோட்டாரைக் கிளப்பினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மூடி திறக்காவிட்டால் என்ன? படகில் இரண்டே பேர். வேறு எவரும் ஏறவே இடமில்லை.

ஆனால் முக்காலி நின்ற இடம் சுக்கான் பிடிக்குப் பக்கத்தில். பிடியை ஒரு பக்கமாகத்தான் தள்ள முடிந்தது. படகு வலது பக்கம் மட்டும் திரும்பியது. கால்வாய் இடது பக்கம். நான் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி இடது பக்கம் போய்ச் சேரலாம் என்று பார்த்தேன். துறைக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டோம். இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டத்தில் காவலாளி கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"என்ன சார், ராட்டினமா? நானும் ஏறிக்கட்டுமா?"

ஜன்னலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஏங்க, அதே கம்பத்தை மூணு தடவை பாத்துட்டேன். எனக்கு நல்லா மனப்பாடம் ஆயிடுச்சு."

கால்வாய் என்று பேர் வைத்தவன் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். காலை நான் கோட்டை விட்டேன். வாயை அவள் விடவே இல்லை.

போனேன். தச்சர் கடைக்குத்தான். வேறு எங்கே போக?

"வாங்க சார். அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

என் பொய் எனக்கே மறந்திருந்தது. "அவளால இப்ப வெளிய வர முடியலை" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அடடா, படுத்துட்டாங்களா?"

"அவ படுக்கல. மரம் படுத்துடுச்சு. அவ மேல."

அவர் ஓட்டமாக வந்தார். கையில் ஒரு கடப்பாரை, தோளில் இரண்டு தாங்கி, அவர் கடையில் பலகை அறுக்க வைத்திருப்பவை. துறையில் நின்று ஒரு பார்வை பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். அகன்று கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரை ஒரு வருஷமாவது வெறுத்திருப்பேன், அதற்கும் வழி விடவில்லை.

"நீங்க இதைப் பிடிங்க சார். காவல்காரரே, நீங்க அந்தப் பக்கம். நான் நெம்பறேன்."

அரைமணி நேரம் ஆனது. மரம் எழும்பியது. முன்னால் ரெண்டே கால் அடி, பின்னால் மூணே கால் அடி. நாலு இடத்தில் கட்டினார். மூடிப் பலகை திறந்தது. என் மனைவி தலை வாரி, புடவை மடிப்புக் கலையாமல் மேலே வந்தாள்.

"வாங்க தச்சர் சார். டீ போட்டு வச்சிருக்கேன்."

டீயும் அவருக்குத்தான்! பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மணி பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலில் நிற்பாள். என் பிடிவாதத்துக்கு அவள் ஏன் காத்திருக்கவேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"வாங்க. நீங்களும் எங்ககூடவே வந்துடுங்க. வழியில மரம் ஏதாவது பண்ணினா நீங்க இருந்தா நல்லது."

தச்சர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"நானா? ஐயோ சார்! படகுன்னாலே எனக்கு வாந்தி. கட்டிப் போட்ட படகுலயே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் வேலை செய்வேன். இப்பவே பாருங்க, ஒரு மாதிரி வருது." நிஜமாகவே அவர் முகம் வெளிறியிருந்தது. "நான் வரேன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுத்தமான தம்ளரை.

படகு கிளம்பியது. இடது பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. உட்கார்ந்திருந்த எங்கள் தலைக்கு மேலே மரம் நீண்டு கிடந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகவேண்டுமானால் தலை குனிந்துதான் போகவேண்டும். முதல் பாலத்து நிழலில் கேட்டேன்.

"தச்சர் வரார்னு சொன்னியே?"

"வரட்டுமேன்னு சொன்னேன். வரேன்னார்னு சொன்னேனா?"

"அவருக்குப் படகுல வாந்தி வரும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"இழுப்பறை சரி பண்ண வந்தப்ப சொன்னார், பாவம்."

"அப்புறம் எதுக்கு அவர் பேரை எடுத்தே?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா மக வீட்டுக்குப் படகுல போகலாம்னு கேக்கறேன். பாக்கலாம், பாக்கலாம்னீங்க. தச்சர் பேரைச் சொன்னேன். பதினோரு நாள்ல மரத்தையே சாய்ச்சுட்டீங்க." முந்தானையை இடுப்பில் செருகினாள். "ஆண்டவன்கிட்ட மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன். உள்ள நிறைய நேரம் இருந்துச்சே."

எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் கூடவே வேறு ஏதோ ஒன்றும் வந்தது. மூன்று நாள், பதினேழு பாலம். ஒவ்வொரு பாலத்திலும் அவள் மரத்தின் அந்தப் பக்கம் குனிவாள், நான் இந்தப் பக்கம் குனிவேன், நடுவில் முகத்தோடு முகம் பார்த்துச் சிரித்துவிடுவோம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் வாய் தவறி வந்துவிட்டது.

பன்னிரண்டாவது பாலத்தில் கண்டிப்பாகச் சொன்னேன். "இதோட சரி. இனிமே எந்த மனுஷனை நீ எவ்வளவு புகழ்ந்தாலும் நான் ஒரு அங்குலம் அசையமாட்டேன். உன் சாமர்த்தியம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"சரிங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். மகள் கரையிலேயே நின்றிருந்தாள். அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், ஒரே நேரத்தில் பேசினார்கள். மகள் வீட்டு முன்னறைச் சுவர் மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. ஆள் கிடைக்கவில்லை என்றாள்.

சாயங்காலம் என் மனைவி ஜன்னலோரம் நின்று எதிர்வீட்டைப் பார்த்தாள். "அது பெயிண்டர் வீடாடி? அவரே அடிச்சதா? எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரு. அந்தப் பக்குவம் எல்லாருக்கும் வராது" என்று மகளிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் அசையவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் அசையவே இல்லை.

எதிர்வீட்டு பெயிண்டருக்கு எண்பத்திரண்டு வயது என்பது, புதன்கிழமை முன்னறைச் சுவருக்கு நான் மூன்றாவது பூச்சை முடித்து ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.